முரசுக்காரரின் இடம்

சான் ஹோசேயில் ஒரு சீனக் கோயிலில்தான் அந்தக் குழல் கலைஞரைப் பார்த்தேன். தம் ஊர்க் கோயில் இசை அழிந்துவிடக் கூடாதென்று அதை ஒவ்வொரு பாட்டாக வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தார். மைக் வைக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று ஆபீஸ் நண்பர் ஒருவர் என்னை இழுத்துக்கொண்டு போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போன எரிச்சலில் இருந்தேன்.

குழல் கலைஞருக்கு அறுபது வயதிருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். மூங்கில் குழலை வாசித்துக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்துவார். கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டியபடி இருப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மறந்துவிடுகிறார் போல என்று நினைத்தேன்.

"நடுவில் சும்மா இருக்கிற இடத்தையெல்லாம் வெட்டிவிடட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

பதறிப்போய் என் லேப்டாப்பின் மேல் கையை வைத்தார். "அது சும்மா இல்லை. அங்கே என் நண்பன் முரசு வாசிப்பான்."

"அவர் பகுதி உங்களுக்குத் தெரிந்தால் நீங்களே வாசித்துவிடலாமே?"

"தெரியும். ஆனால் நான் வாசித்தால் அது அவனுடையது ஆகாது. ஊரைவிட்டு எங்கே போனானோ, தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் இதைப் போட்டுக் காட்டுவேன். எங்கே சேர்ந்துகொள்வதென்று அவனுக்குத் தெரியும்."

அந்தப் பதிவு ஒன்று என்னிடமும் இருக்கிறது. நேற்று ஃப்ரீவேயில் போட்டேன். குழல் நின்றதும், "முடிஞ்சிருச்சா? வேற போடவா?" என்று மனைவி கையை நீட்டினாள்.

"இரு," என்றேன். "இன்னும் ஒருத்தர் வாசிச்சு முடிக்கலை."