பொட்டு வைக்காத வால்வு

யுத்த சமயத்தில் இலுப்பூர் அரிசி மில்லில் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். பாய்லருக்குத் தண்ணீர் போகும் குழாயில்தான் என் பிள்ளைக்குத் தூளி கட்டியிருந்தேன். அழுத்தம் மிஞ்சினால் திறந்து தண்ணீரை வெளியே விட அதில் ஒரு வால்வு உண்டு.

ஆயுத பூசைக்கு மறுநாள், பாய்லருக்குச் சர்ட்டிபிகேட் கொடுக்க இன்ஸ்பெக்டர் வந்தார்.

"வால்வு தொறக்குறதை நான் கண்ணால பாக்கணும்" என்றார்.

"பூசை போட்ட சாமானுங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் முதலாளி.

குழாயின் மறுமுனையை அடைத்துப் பம்பை ஓட்டினார்கள். பிள்ளை தூங்கிய தூளியை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. வால்வு திறக்கவில்லை. குழாய் நடுங்கியது. தூளியும் நடுங்கியது.

"நிறுத்துங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

வால்வைக் கழற்றிப் பார்த்தால், வருஷா வருஷம் பூசைக்கு நான் அப்பிய சந்தனம் உள்ளே இறங்கிக் கல்லாகியிருந்தது.

இப்போதும் பூசையன்று எல்லா எந்திரத்துக்கும் பொட்டு வைக்கிறேன். அந்த வால்வை மட்டும் தொடாமல் கும்பிடுகிறேன்.