பஞ்சவர்ணம் வீட்டுப் பிரிண்டர்

பஞ்சவர்ணத்துக்கு நான் ஆயிரத்து இருநூறு வெள்ளி கடன்பட்டிருந்தேன். கொடுக்க வக்கில்லாமல் அல்ல. கொடுக்கப் போனபோதெல்லாம் அவள்தான் வாங்கவில்லை.

அது பழைய கடன். துறைமுகத்தில் மூட்டை சுமந்து இடுப்பு போய் வீட்டில் கிடந்தேன். நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு யார் வேலை கொடுப்பார்? அடுக்குமாடி புளோக்கின் கீழே ஜனங்கள் வீசிவிட்டுப் போகிற பிரிண்டர்களைத் தூக்கி வந்து பிரித்தேன், பூட்டினேன், மறுபடி பிரித்தேன். கொஞ்ச நாளில் சத்தத்தைக் கேட்டே அதற்கு எங்கே வலி என்று சொல்லத் தொடங்கினேன். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

பஞ்சவர்ணம் அப்போது கெர்பாவ் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பலகாரம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கடையில் ரசீது அடிக்கிற மெஷின் ஒருநாள் மதியம் படுத்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் கையைக் கழுவிவிட்டு வந்து, பல்குத்தும் குச்சியாலேயே அதை எழுப்பினேன். அடுப்படியிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் நான் சாப்பிட உட்கார்ந்ததும், சீட்டு எடுத்த பணம் ஆயிரத்து இருநூறை என் மேசைமேல் வைத்தாள்.

"வளையல் வாங்க வெச்சிருந்தேன். வளையல் எங்கயும் ஓடிடாது. நீங்க கடையப் போடுங்கண்ணே."

போட்டேன். டன்லப் ஸ்திரீட் மாடியில் ஒற்றை மேசை. இன்று மூன்று கடை. லிட்டில் இந்தியாவில் மை நிரப்ப யாரைக் கேட்டாலும் ரகுபதி கடைக்குத்தான் கைகாட்டுவார்கள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. புருஷன் போன பிறகு மகன் சுந்தரேசனை முறுக்கு விற்றே படிக்க வைத்தாள். புக்கிட் மேரா வீட்டில் சொந்தமாகப் பலகார வியாபாரம் தொடங்கினாள். ஒருவரிடமும் எதையும் இலவசமாக வாங்கமாட்டாள். பக்கத்து வீட்டு சம்சுன்னிசா ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுத்தால் மறுநாள் அந்த வீட்டுக்கு ஒரு தட்டு அதிரசம் போகும். அந்தக் குணம்தான் எங்கள் கணக்கை இத்தனை வருஷம் இழுத்தது. அவள் வீட்டுப் பிரிண்டரை நான் கூலி வாங்காமல் பார்த்துக் கொடுத்தேன். கடன்காரன் வேறென்ன செய்வான்?

"நீங்க சும்மா செய்யிற வேலைதான் எனக்கு வட்டி," என்றாள் அவள். "வட்டிய வாங்கிக்கிட்டு முதலையும் வாங்கினா நல்லாருக்குமா? கூலி வாங்குங்க, அன்னிக்கே முதல வாங்கிக்கிறேன்."

"உன்கிட்ட கூலி வாங்கினா என் கை அழுகிடும்."

"அப்ப பணமும் உங்க கையிலயே இருக்கட்டும் லா."

அதற்குப் பிறகு பிரிண்டர் கெட்டால் என்னைக் கூப்பிடாமல் புதிதாகவே வாங்க ஆரம்பித்துவிட்டாள். ரோஷக்காரி. நானும் சளைத்தவன் இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தப் பணத்தை உறையில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டேதான் திரிவேன்.

போன தீபாவளிக்கு அவளுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. துவாஸ் தொழிற்பேட்டையில் ஆள் வைத்து வேலை செய்யும் ரஞ்சன், தன் ஊழியர்களுக்கு முன்னூறு டப்பா முறுக்கு கேட்டிருந்தான். என்ன மாவு, என்ன எண்ணெய் என்று ஒவ்வொரு டப்பாவிலும் லேபிள் ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் எடுக்கமாட்டேன் என்று கறாராகச் சொல்லியிருந்தான். கொடுக்கவேண்டிய நாள் சாயங்காலம் லாரி வரவேண்டும். அன்று மதியம் எனக்குப் போன் வந்தது. அவள் மருமகள் யாமினி. கோயம்புத்தூர்ப் பெண், இங்கே வங்கியில் வேலை.

"மாமா, அத்தைக்குத் தெரியாம பேசறேனுங்க. புது கருப்பு கார்ட்ரிட்ஜைப் போட்டா பிரிண்டர் அடையாளம் தெரியலைங்குது. இன்னொண்ணு வாங்கிப் போட்டேன், அதுக்கும் அதே பாட்டு. பிரிண்டிங் கடையில கேட்டா நாளைக்குத்தான்னுட்டாங்க."

போனேன். பஞ்சவர்ணம் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"கூலி வாங்குவீங்களா?"

அவள் தோளுக்குப் பின்னால் டப்பாக்கள் சுவர் மாதிரி அடுக்கியிருந்தன. மூன்று வாரத்து உழைப்பு. அந்த நேரத்தில் என் ரோஷத்தைப் பார்ப்பதா?

"சரி. நாப்பது வெள்ளி."

"வெளிய எவ்ளோ வாங்குவீங்க?"

"அறுபது."

"அப்ப நான் என்ன பிச்சைக்காரியா? அறுபதே வாங்குங்க. சரியாச்சுன்னாதான் காசு, சொல்லிட்டேன். உள்ள வாங்க."

"ஊர்லேர்ந்து பெட்டியில கொண்டுவந்த கார்ட்ரிட்ஜாம்மா?" என்று யாமினியைக் கேட்டேன். நம் ஆட்கள் அங்கே மலிவு என்று வாங்கி வருவார்கள். இங்கே விற்ற பிரிண்டர் சிலது அதைச் சீண்டாது. யாமினி அட்டையைக் காட்டினாள். இரண்டுமே இங்கே வாங்கியவை. பிரிண்டர் மூடிக்குள் ஒட்டியிருந்த எண்ணும் அட்டையில் இருந்த எண்ணும் ஒன்றுதான். மின்சாரத்தைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து மாட்டியும் பார்த்திருக்கிறாள். கெட்டிக்காரப் பெண்.

கருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மூடியைச் சாத்தினேன். பிரிண்டர் முரண்டு பிடிக்காமல் கலரிலேயே ஒரு பக்கம் அடித்தது. ஆனால் கலர் மை அடிமட்டத்தில் கிடந்தது, முன்னூறு லேபிளுக்குத் தாங்காது. இருந்தாலும் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இரண்டு புது கார்ட்ரிட்ஜும் ஒரே மாதிரி கெட்டுப்போகாது. கோளாறு கருப்பு உட்காருகிற இடத்தில்.

"போன் லைட்ட அடிம்மா."

உள்ளே வரிசையாக நிற்கும் சின்னச் சின்னச் செப்பு ஊசிகள்மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. கருப்பு மை மஞ்சளாகாது. செம்பு களிம்பு பிடித்தால் பச்சை. ஒரு குச்சியால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன். சந்தன வாசம்.

"பஞ்சவர்ணம், ஆயுத பூஜைக்கு இதுக்குப் பொட்டு வெச்சியா?"

"வெக்காம? அடுப்பு, தராசு, முறுக்கு அச்சு எல்லாத்துக்கும் வெச்சேன். வாங்கி வெச்சிருந்த கார்ட்ரிட்ஜுக்கும் வெச்சேன். இன்னிக்குத்தான் எடுத்து மாட்டினோம்."

"அட்டைமேல வெக்கிறதுதானே?"

"அட்டையா எனக்குச் சம்பாரிச்சுக் குடுக்குது? பிரிச்சு அதுக்கேதான் வெச்சேன். நெத்தி மாதிரி தங்கக் கலர்ல ஒரு இடம் இருந்துச்சு. அம்சமா இருந்துச்சு."

யாமினி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

முதல் கார்ட்ரிட்ஜை வாங்கிப் பார்த்தேன். செப்புப் புள்ளிகளை மறைத்துச் சந்தனம், நடுவே குங்குமம்.

"அது நெத்தி இல்ல தாயி, வாய். தன் பேர அது வழியாத்தான் பிரிண்டருக்குச் சொல்லும். வாயைச் சந்தனத்தால அடைச்சிட்டு, ஏன்டா பேசலன்னா?"

அந்தச் சந்தனம்தான் ஊசிகளில் ஒட்டி, இரண்டாவதாகப் போட்டதன் வாயையும் அடைத்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினேன். கண்ணாடி துடைக்கிற துணியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் லேசாக நனைத்து, செப்புப் புள்ளிகளை ஒரே பக்கமாகத் துடைத்தேன். ஊசிகளுக்குத் துணியைக் குச்சிமுனையில் சுற்றி, வளைந்துவிடாமல் ஒவ்வொன்றாக. மை வருகிற துளைப் பக்கம் கையே போகக்கூடாது. ஈரத்தோடு மாட்டினால் உள்ளதும் போய்விடும், அதனால் காற்றாடி முன்னால் வைத்துக் காய விட்டேன். பஞ்சவர்ணம் லாரி வந்துவிட்டதா என்று வெளியே போய்க் கீழே எட்டிப் பார்ப்பதும் வருவதுமாக இருந்தாள்.

மாட்டினேன். பிரிண்டர் முனகியது. திரையில் மறுபடி, அடையாளம் தெரியவில்லை என்று சிவப்பு எழுத்து.

"போச்சா?" என்றாள். அவள் குரல் இறங்கி நான் கேட்டது அன்றுதான்.

"என் கை பட்டு எது போயிருக்கு?"

மூடியைத் திறந்து கட்டைவிரலால் ஒரு அழுத்து. டக். அந்தச் சத்தம் வராமல் உட்கார்ந்தது உட்கார்ந்ததே அல்ல. சிவப்பு அணைந்தது. முதல் லேபிள் கருகருவென்று வெளியே வந்தது.

மூவருமாக ஒட்டினோம். பாதியில் லாரியோடு வந்த ரஞ்சனும் காப்பியை வைத்துவிட்டு ஒட்ட உட்கார்ந்தான். கடைசி டப்பா லிப்டில் இறங்கியதும் பஞ்சவர்ணம் அறுபது வெள்ளியை என் சட்டைப்பையில் திணித்தாள். நான் தடுக்கவில்லை.

"அடுத்த வருஷம் பொட்ட எங்க வெக்கிறது?"

"பிரிண்டர் முதுகுல வை. ஊரே பார்க்கட்டும்."

மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் நீட்டினாள். "ம், இப்ப குடுங்க."

பையிலிருந்து உறையை எடுத்தேன்.

"உறையோட வேணாம். எண்ணி வைங்க."

ஐம்பது வெள்ளித் தாள்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, விரித்த அந்த உள்ளங்கையில் வைத்தேன்.