முகம் திருப்பிப் பார்க்கிறவள்

மெக்னஸ் நகரத்தில் எங்கள் சந்துக்குப் பொது அடுப்பு என்னுடையது. வீடுகளிலிருந்து மாவைத் தட்டிப் பலகையில் வைத்து அனுப்புவார்கள், நான் சுட்டுக் கொடுப்பேன். மாறிப் போகாமலிருக்க ஒவ்வொரு வீடும் ரொட்டியின் மேல் ஓர் அடையாளம் போடும். தாமு வீட்டு அடையாளம் முள்கரண்டியால் மூன்று குத்து.

தாமு பொதுக் குளியல் கூடத்தில் பெண்களுக்கு முதுகு தேய்க்கிறவள். கை முரடு, வாய் அதைவிட முரடு. புருஷன் ஸ்பெயினுக்குப் போனவன் போனவன்தான். ஒரே பெண் நுஹைலா, ஏழு வயது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு அவளுக்குப் பிறவியிலேயே மெலிசு. கண்ணாடியால் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருவில் மட்டும் ஆளாளுக்கு ஒரு கண்ணாடிக் கடை சொன்னார்கள். விழி ஓயாமல் ஆடும். முகத்தை இடப்பக்கம் திருப்பினால் ஆட்டம் அடங்கி, பொருள் பிடிபடும். பார்க்கிறவர்களுக்கு அது திமிராகத் தெரியும்.

நானும் ஒருநாள் அவள் தாடையைப் பிடித்து நேராக்கிவிட்டேன். தாமு என்னை விடவில்லை.

"அல்லால் அண்ணே, உங்க அடுப்பு வாயைச் செவுத்துப் பக்கம் திருப்பி வச்சா ரொட்டி சுடுவீங்களா?"

அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டேன் என்றார் தலைமை வாத்தியார். பார்வையற்றோர் பள்ளி தூரத்து ஊரில் இருக்கிறது, விடுதியில் விட்டுவிடு என்றார். தாமு மூன்று தடவை போய்ச் சண்டை போட்டாள். பிள்ளையைப் பிரிய முடியாது என்பது ஒருபக்கம். பார்க்கிற பிள்ளையை எதற்குக் குருடி என்று எழுதுகிறீர்கள் என்பது அவள் கேள்வி.

ஒரு மத்தியானம் வாத்தியாரே ரொட்டி வாங்க வந்தார். தாமுவும் மகளும் நின்றிருந்தார்கள். அவர் அவசரமாக இரண்டை எடுத்தார். நுஹைலா மூக்கு இடிக்கிற மாதிரி கிட்டப் போய், "இது எங்க ரொட்டி" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினார். "நேரா பாத்துச் சொல்லு."

விழிகள் ஆடத் தொடங்கின. பிள்ளைக்கு ரொட்டி பிடிபடவில்லை.

"கையை எடுங்க வாத்தியாரே" என்றாள் தாமு.

எடுத்தார். நுஹைலா மறுபடி இடப்பக்கம் திரும்பினாள். "மூணு குத்து இருக்கு. உங்களுதுல வட்டம் இருக்கும்."

இருந்தது மூன்று குத்துதான். கருகின மேல்தோலில் நானே கவனிக்கவில்லை. ரொட்டி வேறு, கரும்பலகை வேறு, அது எட்ட இருக்கும் என்றார் அவர்.

"எட்ட இருந்தா கிட்ட போய்ப் பாத்துக்குவா. அவளுக்குக் காலு இருக்கு."

வாத்தியார் தம் ரொட்டியைத் தேடி எடுத்தார். வாசலில் நின்று, திங்கட்கிழமை கூட்டிவரச் சொன்னார். மற்ற பிள்ளைகள் கேலி செய்தால் தன்னிடம் வந்து நிற்கக் கூடாது என்றும் சொன்னார்.

"பண்ணட்டும். அவளுக்கும் என் வாய்தான்."

நுஹைலாவுக்கு முதல் பெஞ்சில் இடது ஓரம் கிடைத்தது. பத்தே நாளில் புகார்க் கடிதம் வந்தது. டீச்சர் அவள் தலையை நேராக்கப் போனாராம். பிள்ளை, "கையை எடுங்க டீச்சர்" என்றதாம்.

தாமு அதை என்னிடம் படித்துக் காட்டச் சொன்னாள். தட்டுத்தடுமாறிப் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு காகிதத்தை வாங்கி அடுப்புக்குள் போட்டுவிட்டு, ரொட்டிப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.