வேலைநிறுத்தத்தில் ஒரு ஸ்பெஷல் கிளாஸ்

வாத்தியார் வேலையில் முதலில் போவது தொண்டை, அடுத்தது பொறுமை; வேலை மட்டும் தாளாளர் நினைத்தால்தான் போகும். சாக்பீஸ் தூளை விழுங்கியே வயதான சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா? எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்துத் தனியார் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் கணக்கு வாத்தியார்.

பந்தி

தாளாளர் வீட்டுக் கல்யாணம் என்றால் பந்தி பரிமாறுவது ஆசிரியர்கள்தான். எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனாலும் செய்தோம். நானே அப்பளம் போட்டிருக்கிறேன். டிரில் மாஸ்டர் மணி மட்டும் வரவில்லை. மறுநாளே அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். கைக்குழந்தைக்காரர், வேறு வருமானம் கிடையாது. நியாயம் கேட்கப் போன எங்களிடம் தாளாளர் சொன்னார்: "சாம்பார் வாளி தூக்க மாட்டேன்றவன் பசங்களுக்கு இன்னா ஒழுக்கம் சொல்லித் தருவான்?"

கேட்டுக்கு வெளியே

மணியைத் திரும்பச் சேர்க்கும்வரை வகுப்பு இல்லை என்று எல்லோரும் வெளியே வந்து உட்கார்ந்தோம். என் மாணவன் ஒருவனின் அப்பா, பட்டு நெய்கிறவர், சைக்கிளை நிறுத்தி எங்களைப் பார்த்தார். கூலிக்காகப் பலமுறை தறியை நிறுத்திய அனுபவஸ்தர். நிதானமாகக் கேட்டார்: "நாங்க நிறுத்தினா கல்யாணத்துக்குப் பொடவை வராது, மொதலாளி ஓடியாந்துடுவாரு. நீங்க நிறுத்தினா இன்னா சார் நிக்கும்?"

மதியத் தூக்கம்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. இருமல் நின்றது. மதியம் தூங்கினேன். ஒருநாள் சாப்பிடும்போது ஏதோ சொல்லிச் சிரித்தேன் போலிருக்கிறது. என் மனைவி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கல்யாணம் ஆனதுலேர்ந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்து பேசினதே இல்ல நீங்க. இந்த ஸ்ட்ரைக் முடியாமலே இருக்கட்டும்."

கோயில் மண்டபம்

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நெருங்கியது. மாகறலிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த மாணவர்கள் இரண்டு பேர் கேட்டில் நின்று ஒரு கணக்கைக் கேட்டார்கள். ஒன்றுதானே என்று கோயில் மண்டபத்தில் வைத்துப் போட்டுக் காட்டினேன். மறுநாள் வகுப்பே வந்துவிட்டது. இங்கிலீஷ் வாத்தியார் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார், சயின்ஸ் வாத்தியார் இன்னொன்றை. பரீட்சைக்கு டிரில் கிடையாது. மணி ஓரமாக உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடம் நடந்ததால், பள்ளியைத் திறங்கள் என்று பெற்றோர் ஒருவரும் தாளாளரை நெருக்கவில்லை. சாமி கும்பிட வந்த தாளாளர் எங்கள் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். விபூதியை இட்டுக்கொண்டே சொன்னார்: "நல்ல காத்தோட்டமா இருக்குது. இங்கயே நடத்துங்க, எனக்கொண்ணும் அவசரமில்ல."

உள்ளே போன நாள்

பரீட்சை முடிந்ததும் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனோம். மணியைச் சேர்க்கவில்லை. வழியனுப்ப வந்தவர்போல அவர் கேட் வரைக்கும் கூட வந்தார். முகத்தில் கோபமில்லை, இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சொன்னார்: "நீங்க கொஞ்ச நாள் பாடம் எடுக்காம இருந்திருந்தா, நானும் இப்ப உள்ள வந்துக்கினு இருப்பேன் சார்."

அந்த வருஷம் தேர்வு முடிவு எங்கள் பள்ளியில் அதுவரை வராத அளவுக்கு நன்றாக வந்ததால், ஆண்டு விழாவில் தாளாளருக்கு மாலை போட்டுப் பாராட்டினோம்.