கடைக் கிணற்றில் நாங்கள் போட்ட வட்டம்

நான் படித்த பொறியியல் கல்லூரி குன்னத்துகால் ஊரை அடுத்த ஒரு ரப்பர் தோட்டச் சரிவில் இருந்தது. மூன்று கட்டடங்கள், ஓர் ஆய்வகக் கூடம், ஆண்டுக்கு இரண்டே வகுப்புகள். நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பிடித்தால் மட்டும் போதாது. அதன்பிறகு நேர்காணலும் உண்டு. படித்து முடித்து உன் ஊருக்கு என்ன செய்வாய் என்று கேட்பார்கள். நான் அதே ஊர்க்காரன். என் பதில் அவர்களுக்குப் பிடித்திருக்க வேண்டும். முதல்வர் ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குச் சிறிய கல்லூரி அது. இடம் கிடைக்காமல் போனவர்களைப் பற்றி ஆசிரியர்கள் எங்களிடம் அடிக்கடி பேசுவார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ற நினைப்பு எங்கள் நடையிலேயே இருந்தது. ஊரும் அதை ஒப்புக்கொண்டிருந்தது. "அந்தக் காலேஜ் பிள்ளையள் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒருவர் சொன்னதைப் பாறசாலைப் பேருந்தில் நானே கேட்டிருக்கிறேன். கேட்டு மகிழ்ந்தும் இருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் ஒவ்வொருவரும் சுற்றுவட்டாரத்துக்குப் பயன்படும் ஒரு பணியைச் செய்து முடிக்க வேண்டும். அது இல்லாமல் பட்டம் இல்லை. நானும் காரோட்டுக் கடற்கரையிலிருந்து வந்த என் நண்பனும் குடிநீர்க் கிணறுகளைச் சோதிப்பது என்று எடுத்துக்கொண்டோம். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். மழைக்காலத்தில் தன் தெருவில் வயிற்றுப்போக்கு வராத வீடு இல்லை என்று அவன் சொல்லியிருந்தான்.

சோதனை எளியது. சிறு குப்பிகளில் கிணற்று நீரை நிரப்பி இரண்டு நாள் வைக்க வேண்டும். மலக்கழிவின் கிருமிகள் இருந்தால் நீர் கறுக்கும். இல்லையென்றால் நிறம் மாறாது. கறுத்தால் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் சிவப்பு வட்டம், இல்லையென்றால் பச்சை. வட்டம் போடும் யோசனை என்னுடையது. அறிக்கை அலமாரியில் தூங்கும், சுவரில் எழுதினால் எல்லோரும் படிப்பார்கள் என்று வகுப்பில் வாதிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

கொதிநீரில் சுத்தம் செய்த சொந்தப் பாத்திரத்தால்தான் நீர் எடுக்க வேண்டும் என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தது. அதை வேண்டாம் என்று சொன்னவனும் நான்தான். "இன்னொருத்தன் வீட்டுக் கிணத்துல நம்ம பாத்திரத்தை இறக்குனா, உங்க வாளி அசுத்தம்னு மொகத்துக்கு நேரா சொன்னது மாதிரி இருக்கும்" என்றேன். யார் கிணற்றில் யார் வாளி இறங்கலாம் என்பதற்காக இந்த நாட்டில் எவ்வளவு அவமானம் நடந்திருக்கிறது என்றும் சொன்னேன். நண்பன் தயங்கினான், பிறகு, உள்ளூர்க்காரன் சொல்கிறான் என்று ஒப்புக்கொண்டான். ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டு வாளியையே வாங்கி நீர் எடுத்தோம். பதினொரு கிணறுகளில் சிவப்பு வட்டம் விழுந்தது.

அவற்றில் ஒன்று கல்லூரி வளைவில் இருந்த சாயாக்கடைக் கிணறு. கடையை நடத்திய அக்காவின் கணவர் மரத்திலிருந்து விழுந்ததில் எழுந்து நடக்க முடியாமல் கிடந்தார். அந்தக் குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லை. காலையில் தோசையும், பகலில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் பால்வெட்டுத் தொழிலாளர்களும் எங்கள் மாணவர்களும்தான் வாடிக்கையாளர்கள். கிணறு சாலையோரம் இருந்ததால் எங்கள் வட்டம் பேருந்தில் போகிறவர்களுக்கும் தெரிந்தது.

முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. "அக்கா, சீனி கொஞ்சம் கூட்டிப் போடு. உன் கெணத்துப் பூச்சிக்கு மதுரம் பிடிக்குமாக்கும்" என்று ஒரு பால்வெட்டுக்காரர் சொன்னார். பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவரே மறுநாள் சந்திக்கடைக்குப் போனார். ஒரு வாரத்தில் மற்றவர்களும் போய்விட்டார்கள். எங்கள் விடுதியிலிருந்து ஒருவரும் வரவில்லை.

நான் அந்த வழியே போனபோது அக்கா மறித்தாள்.

"நில்லு மக்கா. நான் உனக்கு என்ன செய்தேன்?"

"அக்கா, சோதனையில அப்பிடித்தான் வந்தது."

"கொதிக்காத சாயா எங்கயாவது உண்டா? கொதிச்ச வெள்ளத்துல எந்தப் பூச்சியாக்கும் உயிரோட நீந்துது? அதையும் அந்தச் செவுத்துல எழுதுலே!"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த நீரை எப்படி எடுத்தோம் என்று பார்க்க, அன்று மாலையே அறிக்கைக்காக எடுத்த படங்களைத் திறந்து பார்த்தேன். கடைக் கிணற்றுப் படத்தில் நான் கயிற்றைப் பிடித்து நிற்கிறேன். கயிற்றில் இருப்பது விளிம்பு உடைந்த நீல வாளி. பின்னால் கோழிக்கூடு. அன்று மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. அக்கா அடுப்படியில் இருந்தாள். கைக்குக் கிடைத்த வாளியில் நானே கயிற்றைக் கட்டியிருந்தேன். அது கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கும் வாளி.

மறுநாள் நண்பனோடு போய், கொதிநீரில் கழுவிய பாத்திரத்தால் நீர் எடுத்து வந்தேன். இரண்டு நாள் கழிந்தது. குப்பி தெளிவாகவே இருந்தது.

எங்களுக்கு வழிகாட்டிய பேராசிரியர் நெய்யாற்றின்கரைக்காரர், நல்லவர். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"ஒரு சிவப்பு தப்புன்னா, பதினொண்ணும் சந்தேகம்தான். இல்லையா?"

"ஆமா சார். எல்லாம் வீட்டு வாளிதான்."

"எல்லாத்தையும் அழிச்சிட்டு, அதுல ஒண்ணு நெசமாவே கெட்ட கிணறா இருந்தா? ஒரு குழந்தை அதைக் குடிச்சா? தப்பான சிவப்பால ஒரு கடைக்கு நஷ்டம். தப்பான பச்சையால ஓர் உயிர் போகும். நீயே சீர்தூக்கிப் பாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "காலேஜ் தர மதிப்பீட்டுக்கு ஆளுகள் வாறாங்க. உங்க பணியைத்தான் முதல்ல காட்டப் போறோம். இப்பம் ஒண்ணும் வேண்டாம். அது போட்டே, மோனே" என்று, போகட்டும் விடு என்ற பொருளில், மலையாளத்தில் முடித்தார்.

அவர் வாதத்தில் குறை காண என்னால் முடியவில்லை. காண விரும்பவில்லை என்பதே இன்னும் சரி. பத்து நாட்கள் நான் அதைச் சீர்தூக்கிக்கொண்டிருந்தேன். இரு பக்கத் தீமைகளையும் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தேன். மதிப்பீட்டுக் குழு வந்தது. வட்டம் போட்ட கிணறுகளைக் குறித்த எங்கள் வரைபடத்தின் முன் நின்று பாராட்டியது. நான் நன்றி சொன்னேன். அன்று வாசலைக் கடந்த அவர்கள் கார்கள் அக்காவின் வெறும் பெஞ்சுகளைக் கடந்துதான் போயிருக்க வேண்டும்.

நண்பனுக்குத்தான் பொறுமை போனது. "எலே, நீ எடை போட்டு முடிக்கதுக்குள்ள அந்த அக்கா கடையைப் பூட்டும். பதினொண்ணையும் மறுபடி பாக்க ரெண்டு நாள் போதும். இதுல யோசிக்க என்ன உண்டு?"

உண்மையில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அழிப்பதா விடுவதா என்று பேராசிரியர் வைத்த இரண்டு வழிகளுக்குள்ளேயே நான் நின்றிருந்தேன். மூன்றாவது வழி, வீடு வீடாகப் போய் நாங்கள் தவறு செய்தோம் என்று சொல்லி மறுபடி நீர் எடுப்பது. அது எனக்குத் தோன்றாமல் இருக்கவில்லை. அதில் என் பெயர் கெடும் என்பதால் அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

போனோம். பேராசிரியரிடம் சொல்லிவிட்டே போனோம். அவர் தடுக்கவில்லை, உடன் வரவும் இல்லை. ஏழு குப்பிகள் தெளிந்தே இருந்தன. நான்கு கறுத்தன. அந்த ஏழு கிணறுகளிலும் சிவப்பைச் சுரண்டிப் பச்சை அடித்தோம். நான்கு வீடுகளுக்குக் கறுத்த குப்பியைக் கையில் எடுத்துப் போய்க் காட்டினோம். ஒரு வீட்டில், இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண் அதைப் பார்க்கவே இல்லை.

"கடைக்காரிக்கும் இப்பிடித்தான் சொன்னிய. பொறவு மாத்திச் சொன்னிய. எங்களுக்கு என்னைக்கு மாத்துவிய?"

"இது உறுதிதான். கொதிக்க வைச்சுக் குடியுங்க" என்றேன்.

"செரி, செரி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். கொதிக்க வைத்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வீட்டின் முன்னால் இப்போதும் நான் வேகமாகத்தான் நடக்கிறேன்.

கடைக் கிணறு பச்சையாகி ஒரு மாதம் கழித்து அக்காவின் கடைக்குப் போனேன். பெஞ்சில் நான்கைந்து பேர் இருந்தார்கள். மனம் சற்று லேசானது. பிறகுதான் பார்த்தேன். கடை முகப்பில், சாலையில் போகிறவர் கண்ணில் படும்படி, விலைக்கு வாங்கிய தண்ணீர்க் கேன்கள் அடுக்கியிருந்தன. அக்கா அதில் ஒன்றைச் சரித்துச் சாயாப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கெணறு நல்லதுன்னு எழுதிட்டோமே அக்கா. கேன் எதுக்கு?"

"எழுதினிய. ஆரு படிச்சா? சிவப்பை எல்லாரும் படிச்சினும். பச்சையை ஒருத்தரும் படிக்கல்ல." அவள் கோபமாகப் பேசவில்லை. "இந்தக் கேனைப் பாத்தாத்தான் ஆளுவ இங்க வந்து இருக்கினும்."

"எனக்குக் கெணத்து வெள்ளத்துல போடுங்க."

அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"வேண்டாம் மக்கா. நீ ஒருத்தன் குடிச்சு எனக்கு என்ன ஆவப்போவுது? எல்லாருக்கும் உள்ளதையே குடி."

குடித்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, அவரவர் தம்ளரையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்கள்.