கிளட்சை அழுத்திய கை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது தெப்ராவில், என் வீட்டு வாசலில், எனக்கே நடந்தது. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

என் கணவர் ரூபேந்திரன் தினமும் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். போன வருஷம் மழையில் வீடு திரும்பும்போது நெடுஞ்சாலையில் சறுக்கி விழுந்து இறந்துபோனார். எனக்கு மிஞ்சியது அவருடைய நசுங்கிய மோட்டார் சைக்கிள்தான். வித்துடு என்றார் அவர் அண்ணன் சுகுமாறன். நான் விற்கவில்லை. நான் பார்த்த தொழிற்சாலை வேலை போன பிறகு ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்து தொழில் கற்றேன். "பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு லா?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர் ஓட்டிய வண்டியை என் கையால் ஓட வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

கடைசியாகக் கிளட்ச். கம்பி கிடையாது, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. பாகங்களை மாட்டி, எண்ணெய் ஊற்றிவிட்டேன். இனி குழாயிலிருக்கும் காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் மேலே ஹாண்டிலில் இருக்கும் கிளட்ச் பிடியை அழுத்திக்கொள்ள, இன்னொருவர் கீழே எஞ்சின் பக்கத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்குள் பிடியை விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

உதவிக்கு வருவதாகப் பக்கத்து வீட்டு வலேரி சொல்லியிருந்தாள். மாலை ஏழு மணி. நல்ல மழை. நான் தரையில் குந்தி, கைப்பேசி வெளிச்சத்தில் திருகையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"வந்துட்டியா? பிடிய அமுக்கு," என்றேன், நிமிராமல்.

பிடி அமுங்கியது. திருகைத் திறந்தேன். குமிழி குமிழியாக எண்ணெய் வந்தது. மூடினேன்.

"விடட்டுமா அக்கா?"

வலேரி என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

"விடு."

மறுபடி அழுத்தினாள். மறுபடி திறந்தேன். ஒருமுறைகூட அவள் தப்புச் செய்யவில்லை. குரல் மட்டும் ஒவ்வொரு தடவையும் மெலிந்துகொண்டே வந்தது.

"விடட்டுமா... அக்கா..."

இந்த முறை குரல் மேலிருந்து வரவில்லை. வண்டிக்கு அந்தப் பக்கம்... தரையிலிருந்து வந்தது.

சக்கரங்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன்.

யாருடைய காலும் இல்லை.

பிடி மட்டும் அழுந்தியே இருந்தது.

கைப்பேசி அடித்தது. வலேரி. "சாரி லோஷினி, ஜாம்ல மாட்டிக்கிட்டேன். இன்னும் பாலத்துலயே நிக்கிறேன்..."

"அக்கா... கை வலிக்குது..."



டக்.

பிடி விடுபட்டது.

மறுநாள் சுகுமாறன் வந்தார். சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பொம்பளக் குரலா?"

"ஆமா."

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"தம்பி அன்னிக்குத் தனியா வரலம்மா. கூட வேலை செஞ்ச பொண்ணு, சந்திரமதி. பின்னால உக்காந்து வந்தா. அவங்களுக்குள்ள ரெண்டு வருஷமா பழக்கம். எனக்குத் தெரியும்."

நான் அழவில்லை. அந்த மனிதனுக்காக அழுது தீர்த்தது போதும்.

"வண்டியில வேற யாராச்சும் இருந்தாங்களான்னு விபத்து நடந்த எடத்துல போலீஸ் என்கிட்ட கேட்டாங்க. அவளக் காணோம், எழுந்து ஓடிட்டான்னு நெனச்சேன். நம்ம குடும்ப மானம்... தனியாத்தான் வந்தான்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"ரோட்டோர லோங்காங்ல கெடந்திருக்கா. மறுநாள் காலையில அந்தச் சாக்கடையச் சுத்தம் பண்ண வந்தவங்கதான் பார்த்தாங்க."

அவர் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"விழுந்ததும் சாகலையாம். விடியுற வரைக்கும் விளிம்பப் பிடிச்சுக்கிட்டு உயிரோட இருந்திருக்கா."