மழைமானியிடம் பேசிய ஆங்கிலம்

1957 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். குளியல், மூன்று இட்லி, ஒரு டம்ளர் காபி. எட்டு இருபதுக்குத் தாலுகா ஆபீஸ் வளாகத்தில் இருந்தேன். எட்டரைக்கு மழைமானியின் புனலைக் கழற்றி, உள்ளே இருந்த புட்டியை அளவுக் கண்ணாடியில் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. பதிவேட்டில் பூஜ்யம். பிறகு வழக்கம்போல மழைமானியைப் பார்த்து, "குட் மார்னிங் சார். நோ ரெயின் சார்" என்றேன்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பத்துப் பக்கம் எழுதுவேன். பேசச் சொன்னால் என்னிடம் இருந்தது இரண்டே சொல்: யெஸ், சார். முந்தைய ஆண்டு வந்த மேலதிகாரி, மழைமானி ஓட்டையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். யெஸ் சார் என்றேன். நன்றாக இருந்ததை எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாக ஒன்றை அனுப்பிவைத்தார்கள். அந்தப் புதியதிடம்தான் தினமும் பேசிப் பழகினேன். கேட்பவர் திருப்பிக் கேள்வி கேட்காதவரை சரளமாகவே வந்தது.

அன்று பதினோரு மணிக்குத் தணிக்கைக்கு வந்த அதிகாரி வடநாட்டுக்காரர். தமிழ் தெரியாது. பதிவேட்டைப் புரட்டியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் மேல் விரலை வைத்து ஆங்கிலத்தில் கேட்டார். ஆபீஸ் பூட்டிக் கிடக்கும் நாளில் அளந்தது யார்? திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தபடியே எழுதியதுதானே?

யெஸ் சார் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால், பொய்ப் பதிவு எழுதியவன் என்று என் பணிப் பதிவேட்டில் ஏறியிருக்கும். ஆறு வருஷமாக ஒரு ஞாயிறுகூட விடாமல் அளந்தவன் நான்.

"நோ சார்" என்றேன். தாசில்தார் நிமிர்ந்து பார்த்தார். அந்த அறையில் அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை.

சாட்சி உண்டா என்றார் அதிகாரி. வளாகத்திலேயே குடியிருக்கும் பியூனைக் கூப்பிட்டேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்ப்பது யார்? அதிகாரி தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தார் என்னைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமையும் வருவாருங்க" என்றார் பியூன். "அவுக வீட்டம்மா பிரசவ வலியில கெடந்த அன்னிக்கும் இங்கிட்டு வந்து பாத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு."

என் பெருமையை நானே சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஆங்கிலத்தில் சொன்னேன். பியூனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"போன வருசம் ஆடியில ஒரு நாளு மட்டும் லேட்டுங்க. எட்டு நாப்பது இருக்கும்."

இதை விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அது எட்டு நாற்பது அல்ல, எட்டு முப்பத்தெட்டு. சுவர்க் கடிகாரத்தைக் காட்டி அவர் சொன்னதையும் சொன்னேன், என் திருத்தத்தையும் சொன்னேன்.

"அப்பறம், அதுக்கிட்ட தெனம் இங்கிலீசு பேசுவாருங்க. மனுசங்ககிட்ட பேசி நான் பாத்ததில்ல."

தாசில்தார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதையும் மொழிபெயர்த்தேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அது என்ன பதில் சொல்கிறது என்று கேட்டார்.

"இதுவரை ஒன்றும் சொல்லவில்லை சார். அதனால்தான் பயமில்லாமல் பேசுகிறேன்" என்றேன் ஆங்கிலத்தில். நான் பழகி வைத்திராத வாக்கியம் அது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. "நாளைக்கு ஞாயிறுதானே?" என்று பதிவேட்டை மூடிவிட்டுப் பயணியர் விடுதிக்குக் கிளம்பினார்.

"அந்த எட்டு நாப்பதை ஏங்கய்யா சொன்னீங்க?" என்றார் பியூன். "முழுங்கியிருந்தா அவருக்குத் தெரியவா போகுது?"

"நீங்க ஏன் சொன்னீங்க?"

"என்னையக் கேட்டாக, சொன்னேன்."

மறுநாள் காலை எட்டு இருபதுக்கு நான் போனபோது அதிகாரி மழைமானி அருகே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். பத்து நிமிஷம் இருவரும் காத்திருந்தோம். எட்டரைக்குப் புனலைக் கழற்றினேன். முந்தின ராத்திரி குன்றாண்டார்கோவில் பக்கம் மின்னியதெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது; புட்டி காய்ந்திருந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, "குட் மார்னிங் சார். நோ ரெயின் சார்" என்றேன்.

"யெஸ் சார்" என்று சொல்லி, பதிவேட்டுக்குக் கை நீட்டினார்.